எடைக்கல்லும் இளவட்டக்கல்லும்

1980ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஒரு வேலை தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதம் ஒருமுறை எடை பார்ப்பது, பார்த்த எடையை ஒரு அட்டையில் புள்ளியாக வைப்பது, போன மாதப் புள்ளியோடு இந்த மாதப் புள்ளியைக் கோடு போட்டு இணைப்பது. அவ்வளவுதான். இதைச் செய்தவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அதே ஊரைச் சேர்ந்த ஒரு பெண். அவரைத் தேர்ந்தெடுக்க ஒரு அளவுகோல் வைத்திருந்தார்கள்: ஏழையாக இருந்தும் சொந்தப் பிள்ளையை நல்லபடியாக வளர்த்தவர் என்றால் அவருக்கு முன்னுரிமை. பட்டத்தைவிட இது பெரிய தகுதி என்று யாரோ ஒரு அதிகாரி யோசித்திருக்கிறார் பாருங்கள், அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்பது அதன் முழுப்பெயர். உலக வங்கிக் கடனில் நடந்தது. கொட்டாம்பட்டியில் வெள்ளோட்டம் பார்த்த பிறகு ராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை என்று பரவியது. இதற்கு முன்னால் 1973ல் ஒரு பெரிய ஆய்வு வந்திருந்தது. சிட்னி கேன்டர் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் தமிழ்நாட்டின் உணவை ஒரு சிஸ்டமாகப் பார்த்து, எங்கே ஒழுகுகிறது என்று தேடியது. உணவுப் பற்றாக்குறை மட்டுமே சிக்கல் இல்லை, வீட்டுக்குள் வரும் உணவும் மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையின் வாய்க்குப் போய்ச் சேரவில்லை என்பது அதில் தெரிந்த விஷயங்களில் ஒன்று.

திட்டத்தின் விதிதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். எல்லாக் குழந்தைக்கும் சத்துருண்டை கிடையாது. ரொம்பவும் மெலிந்த பிள்ளைக்கு உண்டு. அதோடு, பார்க்க நன்றாகவே இருந்தாலும் கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்ட பிள்ளைக்கும் உண்டு. ஏறக்குறைய 90 நாள் கொடுப்பார்கள், கோடு ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு. சர்வர் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்பதைவிட, அது எந்த வேகத்தில் மாறுகிறது என்பதற்கு அலாரம் வைப்பவன்தான் இரவில் நிம்மதியாகத் தூங்குவான். கொட்டாம்பட்டி அக்காக்கள் பார்த்ததும் அதைத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை கிலோ என்ற கேள்வி அந்த அட்டையில் பெரிதாக வரவே இல்லை. இந்தப் பிள்ளை போன மாதம் எவ்வளவு இருந்தது என்பதுதான் கேள்வி. திட்டம் நடந்த ஊர்களில் கடும் ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றும், பாதி குறைந்தது என்றும் மதிப்பீடுகள் சொல்கின்றன. எண்ணில் தகராறு இருக்கலாம், இறங்கியது என்பதில் இல்லை.

1981ல் அந்தத் தராசில் ஏறிய பிள்ளைக்கு இன்று 40 வயதுக்கு மேல். அவர் வீட்டில் பதின்வயதில் ஒரு மகளோ மகனோ இருக்கலாம். வாசலில் ஒரு டிஜிட்டல் எடைமெஷின் இருக்கலாம். அதில் ஏறும் பிள்ளை கேட்கும் கேள்வி அம்மா கேட்டது போன்றதே அல்ல. ஒரே தலைமுறைக்குள் தராசின் பொருள் எப்படித் தலைகீழானது?

மதுரைப் பக்கம் லீவுக்கு ஊருக்குப் போனால் முதல் வரவேற்பே, "என்னய்யா இப்பிடி எளைச்சுப் போயிட்ட?" என்பதுதான். நீங்கள் ஐந்து கிலோ ஏறியிருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். "சதை போட்டிருக்க" என்பது ஒரு காலத்தில் முழுமையான பாராட்டு. இந்தப் பேச்சுக்குப் பின்னால் பசியின் வரலாறு இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் ஆட்கள் சொல்லும் 1876–78 பஞ்சத்தில் மதுரைச் சீமையும் சிக்கியது. மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றினார் என்ற கதை இன்னும் சொல்லப்படுகிறது. அதே நேரத்தில் அரசாங்கத்தின் கணக்கு வேறு மாதிரி ஓடியது. 1877 தொடக்கத்தில் வைஸ்ராயின் ஆளாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கையில் கொஞ்சம் காசும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம் சொச்சம். இதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிரைத் தாங்காது என்று சண்டை போட்டார். சில மாதங்களில் அந்தக் கூலி விகிதம் கைவிடப்பட்டது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள், தப்பியவர்களில் பலர் கண்டிக்குக் கப்பலேறினார்கள்.

டெம்பிள் கொடுத்த அந்த ரேஷனை வரலாற்றாசிரியர் மைக் டேவிஸ் கலோரியில் கணக்கிட்டிருக்கிறார்: 1,627. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பசித்த ஊருக்கும் உடல் குறித்து ஒரு ஆசை உண்டு, இளைஞர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. தெற்கத்திக் கிராமங்களின் மந்தையில் உருண்டையாக, வழவழப்பாக ஒரு கல் கிடக்கும். இளவட்டக்கல். குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கையால் கட்டி மடிக்கு ஏற்றி, அங்கிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்குக் கொண்டுபோய், பின்னால் போட வேண்டும். தூக்கினவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்பது பழைய பேச்சு. இப்போது பொங்கலுக்குப் போட்டி வைக்கிறார்கள். பெண்கள் தூக்கும் ஊர்களும் தெற்கே உண்டு. இதில் சொக்கிப் போக ஒன்றுமில்லை. தூக்க முடியாதவன் ஊர் வாயில் என்ன பாடு பட்டிருப்பான் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அந்தக் கல் ஒரு விஷயத்தில் நேர்மையானது. உன் வயிறு எப்படித் தெரிகிறது என்று அது கேட்காது. வத்தலாக இருப்பவன் சட்டென்று தூக்கிவிடுவான், மைனர் செயின் போட்ட கனத்த ஆள் முழங்காலிலேயே போட்டுவிடுவான். உடல் என்ன செய்யும் என்பதை அளந்த கருவி அது. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கும் பையன்களைப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் ஒல்லி.

தோற்றத்தை அளக்கும் கருவி சினிமாவோடு வந்தது என்று சொன்னால் முழுக்கச் சரியாகாது, ஆனால் பெரும்பகுதி சரி. ரயில் நிலையங்களிலும் தியேட்டர்களிலும் கலர் பல்பு சுற்றும் எடைமெஷின் நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? காசு போட்டால் கெட்டி அட்டையில் ஒரு டிக்கெட் விழும். ஒரு பக்கம் உங்கள் எடை, மறுபக்கம் உங்கள் அதிர்ஷ்டம், சிலவற்றில் ஒரு நடிகரின் படமும் சேர்ந்திருக்கும். என் எடையையும் என் எதிர்காலத்தையும் ஒரு ஸ்டாரின் முகத்தையும் ஒரே துண்டு அட்டையில் அச்சடித்துக் கொடுத்தவன் அறிந்து செய்தானோ அறியாமல் செய்தானோ, இருபதாம் நூற்றாண்டின் முடிவு அதில் அப்படியே இருக்கிறது.

கொட்டாம்பட்டியில் தராசு தொங்கிய அதே 1980ல்தான் எம்.ஜி.ஆர். மதுரை மேற்குத் தொகுதியில் வென்று மறுபடி முதலமைச்சரானார். சிறுவயதில் பட்டினி கிடந்ததை வெளிப்படையாகச் சொன்ன மனிதர். தமிழ்நாட்டு ஆண்களின் கண்ணில் உடற்கட்டு என்றால் என்ன என்பதை வரைந்து வைத்தவரும் அவரே. ரிக்‌ஷா ஓட்டியவனும் மூட்டை தூக்கியவனும் அந்தப் புஜத்தைத் தங்களுடையதாகப் பார்த்தார்கள். 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் தொடங்கியது. 1984ல் அது 15 வயதுப் பிள்ளைகள் வரை நீண்டது. பசியையும் கட்டுடலையும் ஒரே ஆள் சுமந்த காலம் அது. இரண்டுக்கும் நடுவே முரண் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. நல்லாச் சாப்பிட்டால்தானே உடம்பு வரும்?

அதே சினிமா இன்னொரு வேலையும் செய்தது. குண்டு கல்யாணம், ஓமக்குச்சி நரசிம்மன். ஒருவருக்கு உடம்பே அடைமொழி, மற்றவருக்கு உடம்பின்மையே அடைமொழி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பள்ளிக்குப் போன யாரையும் கேளுங்கள், வகுப்புக்கு ஒரு ஓமக்குச்சி இருந்திருப்பான். நான் படித்த பள்ளியில் வருஷம் ஒருமுறை எடை, உயரம் பார்ப்பார்கள். சார் சத்தமாக வாசிப்பார், லீடர் நோட்டில் எழுதுவான், நாற்பது பேரும் கேட்பார்கள். எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் 61 கிலோ. அன்று மதியத்திலிருந்து அவன் பெயரே அறுபத்தொண்ணு ஆகிவிட்டது. பத்தாம் வகுப்பில் ஒரு சாண் வளர்ந்து நெட்டையாக நின்றான், எடை ஏறக்குறைய அதேதான். பெயர் மட்டும் மாறவில்லை. இப்போதும் வாட்ஸாப் குழுவில் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவனும் சிரிப்பு பொம்மை போட்டுவிட்டுப் போகிறான். எட்டாம் வகுப்பில் யாராவது அவனுடைய கோட்டைப் பார்த்திருந்தால், உயரத்துக்கு முன்னால் எடை வந்துவிட்டது, பொறுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். முழு வளர்ந்த எடையில் ஏறக்குறைய பாதியை மனித உடல் பதின்வயதில்தான் சேர்க்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு கூடுவது பருவமடைதலின் வேலைத்திட்டத்திலேயே உள்ளது. ஒரு தேதியில் பார்த்த ஒரு எண் இதையெல்லாம் சொல்லாது.

அந்த ஒற்றை எண்ணுக்கு இப்போது பி.எம்.ஐ. என்று பெயர். கிலோவில் எடை, அதை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. இதைக் கண்டுபிடித்தவர் மருத்துவர் அல்ல, பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ப் கெட்லே. 1830களில் அவர் தேடியது 'சராசரி மனிதன்' ஒருவனை. யாருக்கும் தொப்பை இருக்கிறதா என்று பார்க்க அல்ல. 1972ல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க உடலியலாளர் குழு இந்தச் சூத்திரத்துக்குப் புதுப்பெயர் வைத்தது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவை வைத்து, கூட்டமாகப் பார்க்கும்போது கொழுப்பைக் கணிக்க இது பரவாயில்லை என்றார்கள். ஏழாயிரம் பேரும் ஆண்கள். அமெரிக்கா, பின்லாந்து, இத்தாலி, ஜப்பான், தென்னாப்பிரிக்கா. இந்தியாவிலிருந்து யாரும் இல்லை.

கீஸை இத்தோடு விட முடியாது, ஏனென்றால் நம் கதைக்கு இன்னும் நெருக்கமான ஒன்றை அவர் முன்பே செய்திருந்தார். 1944 நவம்பரில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மறுத்தவர்கள். போர் முடிந்ததும் பட்டினியில் கிடக்கும் ஐரோப்பாவுக்கு எப்படிச் சோறு போடுவது என்று தெரிய வேண்டும், அதற்கு முதலில் சிலர் பட்டினி கிடக்க வேண்டும். 24 வாரம், நாளுக்கு 1,600க்குச் சற்றுக் குறைவான கலோரி. டெம்பிள் நம் ஆட்களுக்குக் கொடுத்த அதே சுற்றளவு. எடையில் கால்வாசி போனது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது மனசில் நடந்தது. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், கனவிலும் சோறு. வாரங்கள் போகப் போக இன்னொன்று: எலும்பும் தோலுமாக இருந்த தங்களை அவர்கள் மெலிந்தவர்களாகவே பார்க்கவில்லை. எதிரே வரும் சாதாரண ஆட்கள் அவர்கள் கண்ணுக்குக் குண்டாகத் தெரிந்தார்கள்.

பட்டினி போட்டால் வயிறு மட்டும் சுருங்குவதில்லை, கண்ணாடியில் பார்க்கும் கண்ணும் கெட்டுப்போகிறது. இன்று பல டயட் ஆப்கள் பெண்களுக்குச் சாதாரணமாக எடுத்து நீட்டும் இலக்கு நாளுக்கு 1,200 கலோரி. ஐ.சி.எம்.ஆர். கணக்கில் 16–18 வயதுப் பெண்ணுக்குத் தேவை சுமார் 2,500, பையனுக்கு 3,300. பஞ்ச நிவாரணக் கூலியைவிடக் குறைந்த உணவை ஒரு பதினாறு வயதுப் பெண் தானாகவே தனக்கு விதித்துக்கொள்கிறாள், அதற்கு ஆப் ஒரு பச்சை டிக் போடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போவது, தலைமுடி கொட்டுவது, எப்போதும் குளிர்வது, சாப்பாட்டு நேரத்தில் காரணம் சொல்லி நழுவுவது என்று தொடங்கினால் அது 'டயட்' அல்ல, டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். நம் வீடுகளில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். சாப்பிடாத பிள்ளையை அதட்டத் தெரியும், ஏன் சாப்பிடப் பயப்படுகிறாள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை.

இந்தப் பயம் எப்போது நுழைந்தது என்பதற்கு உலகில் நல்ல சாட்சி பிஜித் தீவில் இருக்கிறது. அங்கேயும் நம்மைப் போலவே உண்டு கொழுத்த உடம்புதான் மரியாதை, இளைத்தால் ஊரே விசாரிக்கும். நட்ரோகா என்ற பகுதிக்கு 1995ல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் வந்த உடனே ஒருமுறையும் 1998ல் ஒருமுறையும் அங்கிருந்த பூர்வகுடிப் பள்ளி மாணவிகளிடம் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்தார். உணவுக் கோளாறுக்கான மதிப்பெண் அபாய அளவைத் தாண்டியவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதம் ஆனார்கள். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பது முதல் முறை யாரிடமும் இல்லை, இரண்டாவது முறை 11.3 சதவீதம். இரு முறையும் அறுபத்துச் சொச்சம் பெண்கள்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் மூன்றே வருஷம்!

அதே வருஷங்களில் மதுரையில் கேபிள் டிவி தெருத் தெருவாக ஏறிக்கொண்டிருந்தது. இங்கே யாரும் கேள்வித்தாள் கொடுக்கவில்லை. சினிமாவை வைத்து ஊகிக்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குஷ்புவுக்குத் திருச்சியில் கோயில் கட்டினார்கள், மல்லிகைப்பூ மாதிரி உப்பிய இட்லிக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1997ல் சிம்ரன் தமிழுக்கு வந்தார், சில வருஷத்தில் இடுப்பு என்றாலே அவர் இடுப்பு என்றானது. இரண்டு நடிகைகளும் தங்கள் வேலையைத்தான் பார்த்தார்கள். உப்பிய இட்லியிலிருந்து ஒடிகிற இடுப்புக்குப் போனது பார்த்துக்கொண்டிருந்த நாம். ஆண்களுக்கு இது கொஞ்சம் தாமதமாக வந்தது. 2008ல் 'வாரணம் ஆயிரம்' சூர்யாவின் சிக்ஸ் பேக்கிற்குப் பிறகு தெருவுக்குத் தெரு ஜிம் பெருகியது. படப்பிடிப்புக்கு முன்னால் தண்ணீரைக்கூடக் குறைத்து, சரியான வெளிச்சத்தில் எடுக்கும் சில நிமிடக் காட்சி அது என்று பிளஸ் டூ பையனுக்கு யாரும் சொல்வதில்லை. அவன் அப்பாவின் பர்ஸிலிருந்து புரோட்டீன் டப்பா வாங்குகிறான். நல்லவேளையாக 'ஆடுகளம்' மாதிரிப் படங்களும் வந்தன. மதுரைத் தெருவில் ஒல்லிப்பிச்சானாக நடந்த தனுஷுக்குத் தேசிய விருது கிடைத்தது சில பையன்களையாவது ஜிம்மிலிருந்து காப்பாற்றியிருக்கும்.

இதுவரை படித்ததை வைத்து, எடையே பொய், எந்த உடம்பும் சரிதான் என்று நான் சொல்ல வருவதாக நினைத்தால், இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம். அதற்கு முந்தைய சுற்றில் 30.9. ஒல்லியானவர்கள் 12.6 சதவீதம் இன்னும் இருக்கிறார்கள், சில சமயம் ஒரே வீட்டில். 2016–18ல் நாடு முழுக்க எடுத்த ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 10–19 வயதினரில் 24 சதவீதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள், 5 சதவீதம் எடை கூடியவர்கள். பஞ்சமும் பரோட்டாவும் ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக வந்திருக்கின்றன.

நம் உடம்பில் இன்னொரு சூட்சுமம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் இருவரும் 2004ல் 'லான்செட்' இதழில் தங்கள் போட்டோவையே போட்டார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. அச்சாக 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதனால்தான் இந்தியர்களுக்கு 25 வரை காத்திருக்காமல் 23லிருந்தே கவனிக்கச் சொல்கிறார்கள். பதின்வயதினருக்கு இந்த இரண்டு எண்களும் பொருந்தாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015ல் 5–18 வயதுக்கு, ஆண் பெண் தனித்தனியாக வளர்ச்சி வரைபடம் வெளியிட்டிருக்கிறது, அதில்தான் பார்க்க வேண்டும்.

தோற்றத்தைப் பார்த்துப் பார்த்து நாம் கோட்டை விடுவதற்கு ஒரு உதாரணம் போதும். சில பிள்ளைகளின் பின்கழுத்தும் அக்குளும் கருத்து, வெல்வெட் மாதிரி தடித்திருக்கும். அழுக்கு என்று அம்மாக்கள் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பார்கள், கல்யாணத்துக்கு நாள் பார்க்கும் வீட்டில் கிரீம் வாங்குவார்கள். பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம், பின்னால் சர்க்கரை வரலாம் என்ற எச்சரிக்கை. ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டிய இடத்தில் அந்தப் பிள்ளைக்கு நிறம் பற்றி ஒரு பேச்சும் குண்டு பற்றி ஒரு பேச்சும் கிடைக்கிறது. வெட்கப்பட்ட பிள்ளை பி.டி. பீரியடுக்கும் வராது, டாக்டரிடமும் வராது.

கொட்டாம்பட்டித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 1997ல் முடிந்து, அங்கன்வாடிகளோடு கலந்துவிட்டது. காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கினார்கள். அங்கன்வாடியில் இன்றும் எடை பார்க்கிறார்கள், அட்டையில் புள்ளி வைக்கிறார்கள், ஐந்து வயது வரை. அதற்குப் பிறகு பள்ளிக்கு மருத்துவக் குழு வருகிறது, எடையும் உயரமும் ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு பதிவேட்டில் ஏறுகிறது. ஆறாம் வகுப்பு எண் ஒரு நோட்டில், ஒன்பதாம் வகுப்பு எண் வேறு பள்ளியின் வேறு நோட்டில். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையோடு நல்ல குழந்தை மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்பது, "போன வருஷம் எவ்வளவு இருந்தா?" என்பதாக இருக்கும். அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். புள்ளிகள் எல்லாம் இருக்கின்றன, எங்கெங்கோ. கோடுதான் யாரும் போடவில்லை.